பழைய கணினி ஆர்பிஜிகள் (பாத்திரமேற்று ஆடும் கேம்கள்): எதைத் தனியாக ஆடுவது, எதை நண்பர்களோடு ஆடுவது

கேள்வி இது: "பால்டர்ஸ் கேட் காலத்து ஆர்பிஜிகளை ஆட ஆசை. தனியாகத் தொடங்கினால் முதல் சில மணி நேரத்திலேயே செத்துச் செத்து வெறுத்துப் போகிறது. நண்பர்கள் நான்கு பேராகத் தொடங்கினால் கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். எங்கே தப்பு செய்கிறோம்? எந்த கேமை எப்படி ஆட வேண்டும்?"

இரண்டுக்கும் காரணம் வேறு. தனியாக ஆடுகிறவரைச் சாகடிப்பது விதிகள். அந்தக் கால கேம்கள் பெட்டிக்குள் ஒரு தடித்த கையேட்டோடு வந்தன. அதைப் படித்துவிட்டுத்தான் உட்காருவார்கள் என்று நம்பி, திரையில் எதையும் சொல்லித் தராமல் விட்டார்கள். நண்பர்கள் கூட்டத்தைக் கலைப்பது வாசிப்பு. நான்கு பேர் ஒரே வேகத்தில் வாசிக்க முடியாது. ஒருவர் கடைக்காரரோடு நீளமாகப் பேசிக்கொண்டிருக்க, மற்ற மூவர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். சண்டையைப் பங்குபோட்டுக்கொள்ளலாம், கதையைப் பங்குபோடுவது கடினம். கேமைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை மனதில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அந்தக் கணக்கில் பார்த்தால் பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் (1999), ஃபால்அவுட் (1997) இரண்டும் தனியாளுக்கானவை. அவற்றில் மல்டிபிளேயரே கிடையாது, இருந்திருந்தாலும் பொருந்தியிருக்காது. பால்டர்ஸ் கேட் (1998), அதன் இரண்டாம் பாகம் (2000) இரண்டிலும் ஆறு பேர் வரை சேர்ந்து ஆடலாம், ஆனால் முழுச் சுவை தனியாக ஆடினால்தான் கிடைக்கும். இணையத்தில் நண்பர்களோடு ஆட ஐஸ்விண்ட் டேல் (2000) தான் என் முதல் பரிந்துரை, அடுத்தது நெவர்வின்டர் நைட்ஸ் (2002). எல்லோரும் ஒரே அறையில், ஒரே திரை முன்னால் உட்கார முடியுமென்றால் பூல் ஆஃப் ரேடியன்ஸ் (1988), விசார்ட்ரி (1981) போன்றவை. இவை மல்டிபிளேயர் கேம்களே அல்ல. ஆனாலும் கூடி ஆட இவற்றை மிஞ்ச ஆளில்லை. காரணம் பின்னால்.

முதலில் தனி ஆட்டம். பால்டர்ஸ் கேட்டையே எடுத்துக்கொள்வோம், பலரும் விழுவது அங்கேதான்.

இந்த கேம் ஓடுவது ஏடி&டி இரண்டாம் பதிப்பு விதிகளில், அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் விதிகளில். அதில் ஆர்மர் கிளாஸ் (அடியைத் தடுக்கும் திறனின் எண்) குறையக் குறைய நல்லது. தோல் கவசம் 8, செயின் மெயில் 5, பிளேட் மெயில் 3, மேலே ஒரு கேடயம் இருந்தால் இன்னும் ஒன்று குறையும். தாக்கும் திறனுக்குத் தாக்கோ என்று பெயர், அதுவும் குறையக் குறைய நல்லது. அடி படுமா என்று பார்க்க உங்கள் தாக்கோவிலிருந்து எதிரியின் ஆர்மர் கிளாஸைக் கழியுங்கள். வரும் எண்ணோ அதற்கு மேலோ 20 முகப் பகடையில் விழ வேண்டும். முதல் லெவலில் எல்லோருக்கும் அடிப்படைத் தாக்கோ 20. எதிரியின் ஆர்மர் கிளாஸ் 7 என்றால் 13 விழ வேண்டும், அதாவது 40 சதவீதம். ஆர்மர் கிளாஸ் 4 என்றால் 16, வெறும் 25 சதவீதம். நான்கு அடியில் மூன்று வீண். "என் ஆள் அடிக்கவே மாட்டேன் என்கிறான்" என்ற புலம்பலுக்கு விடை இவ்வளவுதான். மாறாக, எதிரியின் தாக்கோ 20 ஆக இருந்து உங்கள் ஆளின் ஆர்மர் கிளாஸ் 0 ஆனால், அவனுக்கு 20 விழுந்தால்தான் அடி படும். ஆகவே தொடக்கத்தில் கையிலுள்ள பணம் முழுவதும் முன்வரிசை ஆளின் கவசத்துக்குப் போகட்டும். நல்ல வாள் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18 வைத்தால் ஆர்மர் கிளாஸ் 4 குறையும், எறியும் ஆயுதங்களுக்கும் குறி கூடும். அதனால் எந்த வகுப்பு (பாத்திரத்தின் தொழில்) எடுத்தாலும் டெக்ஸ்டெரிட்டியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஃபைட்டருக்கு (போர்வீரர்) முதல் லெவலில் 10 ஹெச்.பி (உயிர்ப்புள்ளி) வரை கிடைக்கும், மேஜுக்கு (மந்திரவாதி) அதிகபட்சம் 4 தான், அதோடு கான்ஸ்டிடியூஷனுக்கான (உடல் வலு) கூடுதல். நீங்கள் படைத்த மேஜ் பாத்திரத்தை ஒரு ஓநாய் இரண்டு கடியில் முடித்துவிடும். கதாநாயகன் செத்தால் ஆட்டமே முடிந்தது, உயிர்ப்பிக்க வழியில்லை. ஆகவே முதல் முறை ஆடுகிறவர் ஃபைட்டரையோ, கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) சேர்ந்த ஃபைட்டரையோ எடுப்பது நல்லது. மேஜ் ஒருவரை வழியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆரம்ப லெவல்களில் வில்தான் ராஜா. வில்லுக்கு ஒரு ரவுண்டில் இரண்டு அம்பு, ரவுண்டு என்பது நிஜ நேரத்தில் 6 விநாடி. வாளுக்குப் பெரும்பாலும் ஒரே வீச்சு. கேடயத்தோடு ஒருவரை முன்னால் நிறுத்தி, மீதிப் பேர் எல்லோர் கையிலும் வில், கவண், எறிகத்தி என்று ஏதாவது கொடுங்கள். எதிரி உங்களிடம் ஓடி வரும் நேரம் முழுக்க அம்பு பாயட்டும். கேமின் முதல் பாதியை இந்த ஒரு பழக்கமே கடத்திவிடும். மேஜுக்கு முதல் மந்திரம் ஸ்லீப். கோபால்ட், ஹாப்காப்ளின் போன்ற சிறு அரக்கர் கூட்டத்தை அப்படியே படுக்க வைக்கும், தூங்குகிறவன் மேல் அடி தவறாது. ஆனால் எலும்புக்கூடு, ஜோம்பி வகையறாக்களிடம் ஸ்லீப் பலிக்கவே பலிக்காது.

எல்லோரும் முதலில் விழும் இடம் ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதியின் படிக்கட்டு. டார்னெஷ் என்ற மந்திரவாதி வந்து பேச்சுக் கொடுப்பான், பேச்சு முடிந்ததும் மந்திரம் போடத் தொடங்குவான். மிரர் இமேஜில் தன் போலி உருவங்களை எழுப்புவான், ஹாரர் போட்டு உங்கள் ஆட்களைச் சிதறி ஓட வைப்பான், மேஜிக் மிசைலால் கொல்வான். இவனை வெல்வதற்கான விதி ஒன்றே: மந்திரம் உச்சரித்துக்கொண்டிருக்கும்போது அடி பட்டால் அந்த மந்திரம் கெட்டுப்போகும். ஆகவே படியேறும் முன் சேவ் செய்யுங்கள். பேச்சு முடிந்த கணமே பாஸ் போட்டு (ஆட்டத்தை நிறுத்தி வைத்து), எல்லோரையும் அவன் மேல் ஏவுங்கள். போலி உருவங்கள் எழுந்துவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஒன்று மறையும், எனவே பலமான ஒரு அடியைவிட வேகமான பல அடிகள் மேல். உங்களோடு வரும் தோழி இமோயனின் பையில் மேஜிக் மிசைல் மந்திரக்கோல் ஒன்று இருக்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. வரும் வழியில் சந்திக்கும் சார், மான்டரான் என்ற இருவரையும் சேர்த்துக்கொண்டு வந்தால் இந்தச் சண்டை இன்னும் எளிது. குணம் சரியில்லாதவர்கள்தான், பின்னால் அனுப்பிவிடலாம்.

ஆட்டோபாஸ் (ஆட்டம் தானாக நிற்கும்) அமைப்பில் மூன்றைத் தவறாமல் போட்டு வையுங்கள்: எதிரி கண்ணில் பட்டதும், ஆயுதம் பயன்படாமல் போனதும், பொறி தென்பட்டதும். இரண்டாவது எதற்கென்றால், முதல் பாகத்தின் கதைப்படி இரும்பில் கோளாறு, மந்திரமில்லாத சாதா ஆயுதங்கள் சண்டையின் நடுவில் உடையும். அம்பும் திடீரென்று தீரும். ஆளுக்கொரு மாற்று ஆயுதம் பையில் இருக்கட்டும். லெவல் ஏறும்போது ஹெச்.பி முழுசாகக் கிடைக்கும் தெரிவு இருந்தால் கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். பகடையில் 1 விழுந்த ஃபைட்டரைச் சுமந்துகொண்டு போவதில் எந்த வீரமும் இல்லை.

குவிக் சேவ் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். எதிரி அருகில் இருக்கும்போது சேவ் ஆகாது, வெளியேற வழியில்லாத இடத்தில் சேவ் ஆகிவிட்டால் ஆட்டம் அங்கேயே சிக்கும். ஒவ்வொரு பெரிய இடத்துக்கும் நுழையும் முன் தனிப் பெயரில் ஒரு சேவ் வையுங்கள்.

ஆறு பேர் கட்டாயம் என்றும் இல்லை. கொன்றதற்கான அனுபவப் புள்ளிகள் பார்ட்டியில் (உங்கள் குழுவில்) உயிரோடிருப்பவர்களிடையே பங்காகும். நான்கு பேரோடு போனால் ஒவ்வொருவரும் சீக்கிரம் லெவல் ஏறுவார்கள், கையாளவும் எளிது. ஒற்றை ஆளாகவே முடிக்கிறவர்களும் உண்டு. ஆனால் முதல் பாகத்தில் ஒருவருக்கு 89,000 புள்ளிகள்தான் உச்சவரம்பு, விரிவாக்கம் சேர்ந்தால் 1,61,000. அந்த வரம்பை எட்டிய பிறகு தனியாளுக்கு வளர்ச்சி நின்றுவிடும். விதிகள் விரல்நுனியில் இருப்பவர்களுக்கான வழி அது.

ஃபால்அவுட் பற்றிச் சுருக்கமாக. வால்ட்டுக்கு (நிலத்தடிப் புகலிடம்) தண்ணீர் சிப் கொண்டுவர 150 நாள் கெடு, வரைபடத்தில் வீணாக அலைந்தால் நாள்கள் கரையும். அஜிலிட்டியை (சுறுசுறுப்பு) குறைக்காதீர்கள்: சண்டையில் செயல்புள்ளிகள் 5 உடன் அஜிலிட்டியில் பாதி, ஆகவே இரட்டைப்படை எண்ணாக வைத்தால் வீணாகாது. ஸ்மால் கன்ஸ், ஸ்பீச், லாக்பிக் மூன்று திறன்களையும் டேக் செய்தால் (முதன்மைத் திறன்களாகக் குறித்தால்) முதல் ஆட்டம் சிக்காது. கூட வரும் இயனிடம் சரமாரியாகச் சுடும் துப்பாக்கியைத் தராதீர்கள். குறுக்கே நிற்பது நீங்களா என்று பார்க்காமல் சுடுவான். பிளேன்ஸ்கேப்பில் நேர் எதிர்: சண்டை முக்கியமல்ல, விஸ்டம், இன்டலிஜென்ஸ், கரிஸ்மா மூன்றிலும் புள்ளிகளைக் கொட்டுங்கள். புதிய பேச்சுத் தெரிவுகள் அவற்றால்தான் திறக்கும். நாயகன் செத்தாலும் பெரும்பாலும் எழுந்துவிடுவான், பயப்படாமல் வாசித்துக்கொண்டே போகலாம்.

இனி நண்பர்கள். பால்டர்ஸ் கேட்டை விட்டு ஐஸ்விண்ட் டேலை ஏன் சொல்கிறேன்? பால்டர்ஸ் கேட்டில் கதை ஒருவருடையது. மல்டிபிளேயரில் முதல் ஆட்டக்காரரின் பாத்திரமே நாயகன், மற்றவர்கள் அவரது துணை. அவர் செத்தால் எல்லோருக்கும் ஆட்டம் முடிந்தது. ஐஸ்விண்ட் டேலில் ஆறு பாத்திரங்களையும் நீங்களே படைக்கிறீர்கள், யாரும் நாயகன் இல்லை, ஒருவராவது உயிரோடிருந்தால் ஆட்டம் தொடரும். உரையாடல் குறைவு, சண்டை அதிகம். நண்பர்கள் கூட்டத்துக்கு வேண்டியது அதுதான்.

நான்கு பேர் ஆடினாலும் பாத்திரங்கள் ஆறாக இருக்கட்டும், இரண்டு பேர் இரண்டிரண்டைப் பார்த்துக்கொள்வார்கள். முன்வரிசைக்கு இரண்டு ஃபைட்டர் அல்லது பாலடின் (புனித வீரர்), ஒரு கிளெரிக், ஒரு ஃபைட்டர்-தீஃப் (திருடரும் வீரரும் சேர்ந்தவர்), ஒரு பார்ட் (பாடகர்), ஒரு மேஜ். வெறும் தீஃபை யாருக்கும் தராதீர்கள். பூட்டும் பொறியும் இல்லாத நேரத்தில் அவருக்கு வேலையே இருக்காது, முதலில் கழன்றுகொள்வதும் அவர்தான். தொடக்க லெவல் மேஜும் அப்படியே, இரண்டு மந்திரம் போட்டதும் கை சும்மா இருக்கும். மேஜ் பாத்திரத்தை எடுக்கிறவரிடம் இரண்டாவதாக ஒரு ஃபைட்டரைக் கொடுத்துவிடுங்கள். பார்டை அலட்சியமாக நினைக்க வேண்டாம்: 11ஆம் லெவலில் கிடைக்கும் பாட்டு, பாடப் பாட ஒவ்வொரு ரவுண்டிலும் பார்ட்டி முழுவதையும் குணப்படுத்தும்.

முதல் பெரிய இடமான வேல் ஆஃப் ஷேடோஸ் முழுக்க இறந்து எழுந்தவர்கள். இங்கே ஸ்லீப் உதவாது, எலும்புக்கூடுகள் மேல் அம்பும் வாளும் சரியாக ஏறாது. குல்தஹார் ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஆளுக்கொரு கதாயுதம் அல்லது சுத்தியல் வாங்குங்கள், கவணும் நல்லது. பின்னால் வரும் ட்ரோல் என்ற அரக்கர்கள் கீழே விழுந்தாலும் சாகாது, தீயாலோ அமிலத்தாலோ முடித்துவைக்க வேண்டும். தீ அம்புகளை யாராவது ஒருவர் அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். ஆளாளுக்கு எடுத்துச் சுட்டுத் தீர்த்துவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

இணைப்புக்கு என்ஹான்ஸ்டு எடிஷன் (புதுப்பித்த பதிப்பு) எடுப்பதே உத்தமம். எல்லோரிடமும் ஒரே பதிப்பு எண் இருக்க வேண்டும், யாரோ ஒருவருடையது தானாக அப்டேட் ஆகியிருந்தாலும் இணையாது. ரவுட்டர் இணைப்பை விடாவிட்டால் சீரோடியர், ராட்மின் போன்ற மெய்நிகர் லேன் ஒன்றில் எல்லோரும் சேர்ந்து, ஹோஸ்டின் (ஆட்டத்தை நடத்துகிறவரின்) ஐ.பி முகவரியைக் கையால் கொடுங்கள். ஃபயர்வாலில் கேமுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று ஒவ்வொருவரும் முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும், ஆட உட்கார்ந்த பிறகல்ல. அசல் பழைய பதிப்பில் ஆடுவதானால் விண்டோஸில் டைரக்ட்பிளே என்ற பழைய கூறை இயக்க வேண்டும். போர்ட்டுகள் 47624, பிறகு 2300 முதல் 2400 வரை. நெவர்வின்டர் நைட்ஸுக்கு யு.டி.பி 5121 ஒன்று போதும்.

சேவ் ஹோஸ்டின் கணினியில்தான் இருக்கும். டாக்யுமென்ட்ஸில் கேமின் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் தனியாட்ட சேவ்கள் 'சேவ்' என்ற ஃபோல்டரிலும், கூட்டு ஆட்டத்தினுடையவை 'எம்பிசேவ்' என்ற ஃபோல்டரிலும் கிடக்கும். ஆடி முடித்ததும் எம்பிசேவில் அன்றைய ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து குழுவில் போட்டுவிடுங்கள். ஹோஸ்ட் வராத நாளில் இன்னொருவர் அதைத் தன் எம்பிசேவில் வைத்து நடத்தலாம். தனியாகத் தொடங்கிய ஆட்டத்தை நண்பர்களுக்குத் திறக்கவும் இதே வழி: சேவிலிருந்து எம்பிசேவுக்கு நகல் எடுங்கள்.

தொடங்கும் முன் ஹோஸ்ட் அனுமதிகள் திரைக்குப் போய், பணம் செலவழிப்பது, பேச்சைத் தொடங்குவது, இடம் மாறுவது ஆகியவற்றை ஆள்வாரியாக ஒதுக்கலாம். பார்ட்டியின் தங்கம் பொது. ஒருவர் தெரியாமல் ஒரு கவசம் வாங்கிவிட்டால் எல்லோருடைய மருந்துக் காசும் போச்சு. ஆகவே வாங்கும் உரிமையையும் பேசும் உரிமையையும் ஒருவரிடம் வையுங்கள், கரிஸ்மா அதிகமான பாத்திரம் வைத்திருப்பவர் பொருத்தம். அவர் உரையாடலைக் குரல் அழைப்பில் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிப்பு வேகச் சிக்கலுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது: எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள், என்ன பதில் சொல்வது என்று சேர்ந்து முடிவெடுக்கிறார்கள்.

பாஸ் விஷயத்தில் ஒரு விதி: யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், விடுவிப்பது ஒருவர் மட்டும். நான்கு பேரும் ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால், ஒருவர் கட்டளை கொடுத்து முடிக்கும் முன் சண்டை ஓடத் தொடங்கிவிடும். ஃபயர்பால் (நெருப்புப் பந்து), வெப் (வலை) என்ற மந்திரங்கள் இரண்டும் சொந்த ஆட்களையும் தாக்கும். "ஃபயர்பால், இடது கதவு" என்று சொல்லி, முன்வரிசை "விலகிட்டோம்" என்று பதில் தந்த பிறகே போட வேண்டும். பெரும் சேதத்தில் ஹெச்.பி மைனஸ் 10க்குக் கீழே போனால் உடல் சிதறிவிடும், கோவிலில் உயிர்ப்பிக்கவும் முடியாது. நண்பரின் பாத்திரத்தை அப்படி அழித்துவிட்டு உறவைச் சமாளிப்பது ட்ரோலைச் சமாளிப்பதைவிடக் கடினம்.

இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு அமர்வு வேண்டாம். நிலவறையின் நடுவில் நிறுத்தாமல் ஊருக்குத் திரும்பி, சரக்கை விற்று, மந்திரங்களை மனனம் செய்து ஓய்வெடுத்த நிலையில் சேவ் செய்யுங்கள். அடுத்த முறை உட்கார்ந்ததும் கிளம்பிவிடலாம்.

ஒரே திரை முன்னால் கூடுவதற்கு வருவோம். பூல் ஆஃப் ரேடியன்ஸில் சண்டை முறை வைத்து நடப்பது, அவசரமில்லை. ஆறு பாத்திரங்களை ஆட்களுக்குப் பிரித்துவிட்டால், யார் பாத்திரத்தின் முறை வருகிறதோ அவரிடம் கீபோர்டு போகும். கதையின் பெரும்பகுதி திரையில் இல்லை, கூட வந்த ஜர்னல் புத்தகத்தில் இருக்கிறது: "இத்தனையாம் பதிவைப் படி" என்று கேம் சொல்லும், ஒருவர் எடுத்துச் சத்தமாக வாசிப்பார். முன்கூட்டியே புரட்டிப் பார்ப்பவர்களை ஏமாற்ற அதில் பொய்ப் பதிவுகளும் கலந்திருக்கின்றன, ஆகவே சொன்னதை மட்டும் படியுங்கள். சேரிப் பகுதியிலேயே ட்ரோல் கூட்டம் ஒன்று உண்டு. விழுந்த ட்ரோல் மீண்டும் எழும்; அது விழுந்த கட்டத்தின் மேல் உங்கள் ஆள் ஒருவர் போய் நின்றுகொண்டால் எழ முடியாது. ஓய்வுக்குப் பின் மந்திரங்களை ஒவ்வொன்றாக மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும், சலிப்பான வேலைதான். டாஸ்பாக்ஸில் (பழைய கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) செய்திகள் கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடினால் கண்ட்ரோலோடு எஃப்11 அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், எஃப்12 கூட்டும்.

விசார்ட்ரியில் கூட்டத்துக்கு இன்னும் சுவையான வேலை உண்டு: வரைபடம். மொத்தம் 10 தளம், ஒவ்வொன்றும் 20க்கு 20 கட்டம். அசல் கேமில் தானியங்கி வரைபடம் கிடையாது. கட்டத்தாளில் 20க்கு 20 வரைந்து, கீழ் இடது மூலையை கிழக்கு 0, வடக்கு 0 என்று குறியுங்கள், முதல் தளத்தில் நீங்கள் இறங்குவது அங்கேதான். ஓரத்தைத் தாண்டினால் எதிர் ஓரத்தில் வெளிவருவீர்கள். சில கட்டங்கள் சத்தமில்லாமல் உங்களைத் திருப்பிவிடும், சில வேறெங்கோ தூக்கிப்போடும். கோடு பொருந்தவில்லை என்று தோன்றிய உடனே அழித்து வரையாதீர்கள். டூமாபிக் மந்திரத்தைப் போட்டால் நிற்கும் இடமும் பார்க்கும் திசையும் தெரியும், அதை வைத்துச் சரிபாருங்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் வரைய, ஒருவர் மேஜின் மந்திரக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மந்திரங்கள் பாதி தீர்ந்ததும் திரும்பி மேலே ஏறிவிட வேண்டும். பார்ட்டி முழுக்கச் செத்தால் உடல்கள் அங்கேயே கிடக்கும், வேறொரு பார்ட்டியை வளர்த்துக் கீழே அனுப்பித்தான் மீட்க முடியும். கேம் அதை உடனே டிஸ்கில் எழுதிவிடும். கோப்பு கெட்டுப்போனால் உதவ ஒரு நகல் வையுங்கள், ஆனால் ஒவ்வொரு சாவுக்கும் அதை மீட்டெடுத்தால் இந்த கேமில் மிச்சமிருப்பது அதிகமில்லை.

மாட்கள் (ரசிகர்கள் செய்த கூடுதல் மாற்றங்கள்) பற்றிக் கடைசியாக. முதல் முறை ஆடும்போது பிழைதிருத்தங்கள் தவிர எதுவும் வேண்டாம். போடுவதானால் எல்லோரும் ஒரே மாட்களை ஒரே வரிசையில் நிறுவ வேண்டும். நிறுவிய வரிசை கேம் ஃபோல்டரில் உள்ள 'வெய்டு' (மாட் நிறுவும் கருவி) பதிவுக் கோப்பில் இருக்கும், நால்வருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் மாட் போடாதீர்கள்: நீங்கள் ஏற்கெனவே போய்வந்த இடங்களின் நிலை சேவுக்குள்ளேயே பதிந்திருக்கும், புதிய மாட்டின் மாற்றங்கள் அங்கே தெரியாது, பாதி புதியது பாதி பழையது என்று தேடல்கள் அறுந்துபோகும். ஒருவர் நிரந்தரமாக விலகினால் அவர் பாத்திரத்தை அழிக்க வேண்டியதில்லை. ஆட்டத்தை ஏற்றும்போது வரும் ஒதுக்கீட்டுத் திரையில் ஹோஸ்ட் அதை வேறொருவர் பெயருக்கு மாற்றிவிடலாம், திரும்பி வந்தால் திருப்பித் தரவும் அதே திரைதான்.